சும்மாட்டு வீட்டுத் துப்பாக்கிகள்

அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு என்னென்னவோ பிடிக்கிறது. சிலருக்கு யோகா, சிலருக்கு அரசியல், சிலருக்கு முழங்கால் வலி. என் அண்ணனுக்குப் பிடித்தது பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. சுடுகிற துப்பாக்கி அல்ல. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு சிப்பாய் தோளில் சாத்திக்கொண்டு வெயிலில் நின்ற துப்பாக்கி. அதைக் காசு கொடுத்து வாங்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் துரு எடுத்து, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, பச்சைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொந்தப் பிள்ளைக்கு அவர் எண்ணெய் தேய்த்து நான் பார்த்ததில்லை. அவன் பிறந்தபோது இவர் வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு. அப்பா விட்டுப்போன மனையைப் பங்கு வைத்ததில் ரோட்டுப் பக்கம் அவருக்கு, கிணற்றுப் பக்கம் எனக்கு. நான் தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு இணைத்துக் கொடுத்தே பாதி ஆயுள் போயிற்று. மனிதர்கள் பேசுவதில் முக்கால்வாசி தற்பெருமை என்பது எனக்கு அந்த நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது. மீதிக் கால்வாசியை அண்ணன் ஓய்வுபெற்று வந்தபின் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டேன்.

முதல் துப்பாக்கி கொச்சியில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியது. படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து வடசேரியில் இறங்கி ஆட்டோ பிடித்திருக்கிறார். ஆட்டோக்காரர் ஜன்னல் திரைக்கு மாட்டுகிற கம்பியா என்று கேட்டிருக்கிறார். இவர் பட்டாளத்துத் துப்பாக்கி என்று சொன்னதும் அந்த மனுஷன் வாயே திறக்காமல், கேட்ட கூலிக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இறக்கிவிட்டுப் போனாராம். இதை அண்ணன் ஏதோ கோட்டையைப் பிடித்ததுபோல ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, நீளமான இடிகம்பியால் இடித்து நிரப்புகிற வகை அது. பக்கவாட்டில் ஒரு கிரீடம் பொறித்திருந்தது. அந்தக் கிரீடத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு பூதக்கண்ணாடி வாங்கினார். காலையில் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடாதவர், கிரீடத்தில் எத்தனை முத்து இருக்கிறது என்று எண்ணுவார். என் மைனி, அதாவது அண்ணனின் மனைவி, ஒரு நாள் அந்த இடிகம்பியை உருவிக்கொண்டுபோய் முருங்கைக்காய் பறித்துவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டை, துப்பாக்கி பார்த்த எந்தச் சண்டைக்கும் குறைந்ததாக இருந்திருக்காது. அது பிறந்ததிலிருந்து செய்த ஒரே உருப்படியான வேலை முருங்கைக்காய் பறித்ததுதான் என்று நான் சொன்னேன். அண்ணன் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஒரு துப்பாக்கியோடு நின்றால் அது பைத்தியம் இல்லையே. மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவை ஏலம் போட்டபோது இரண்டாவது வந்தது. மூன்றாவது குழித்துறைப் பக்கம் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடமிருந்து. அதோடு கூட்டாளிகளும் வந்தார்கள். பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஒரு கைப்பிடிதான் தேறுவார்கள், அந்தக் கைப்பிடி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில்தான். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், ஒருவர் ரப்பர் தோட்டக்காரர். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு திருகாணியைக் காட்டி, இது பிறகு மாற்றியது என்பார் ஒருவர். கட்டையே மாற்றியது என்பார் இன்னொருவர். தன்னிடம் இருப்பது அசல், அடுத்தவனிடம் இருப்பது போலி என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்தப் போரில் இருந்தது, எந்தப் படைக்கு வந்தது என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார்கள். இது யாரைச் சுட்டது என்று ஒருத்தரும் கேட்டு நான் கேட்டதில்லை. அவர்களுக்கு மைனி போட்டுக்கொடுத்த டீயைக் கணக்குப் பார்த்தால் ஒரு பசுவை வாங்கியிருக்கலாம்.

தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவைக்க வேண்டும். மேலத்தெருவில் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை உறையில் போட்டு, ஜீப்பில் முன்சீட்டில் நிற்கவைத்துக் கொண்டுபோவார். ஊரே பார்க்கும். அண்ணனுக்கு அதில் ஒரு கண். சுட முடியாத பழம்பொருளுக்கு லைசென்ஸும் வேண்டாம், ஒப்படைக்கவும் வேண்டாம் என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூன்றையும் காரில் ஏற்றி ஸ்டேஷனுக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஏட்டு ஒருவர் முதல் துப்பாக்கியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தார். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது.

"சாரே, இதக் கொண்டு ஓட்டுச் சாவடியப் பிடிக்கணும்னா முதல்ல குளவிக்கிட்ட அனுமதி வாங்கணும். வீட்டுலயே வச்சிருங்க" என்றார்.

ஸ்டேஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டு ஒரு ரசீதாவது கொடுத்திருக்கலாம் என்று வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணன் சொன்னார். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

இந்த ஆசை எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுப்பேரிலிருந்து வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆளின் பேர் பிறகுதான், வீட்டுப்பேர் முதலில். கல்யாணக் கார்டிலும் சாவு அறிவிப்பிலும் பால்காரரின் வாயிலும் அதுதான் நிற்கும். மேலவிளை வீடு, புளியடி வீடு என்று ஊரெல்லாம் மரியாதையான பேர்கள். எங்களுக்குச் சும்மாட்டு வீடு. தலையில் சுமை ஏற்றுமுன் துணியை வளையமாகச் சுருட்டி உச்சியில் வைப்பார்களே, அந்தச் சும்மாடு. பள்ளிக்கூடத்தில் அண்ணனை அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "ஏலே சும்மாடு" என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் அதே பேர்தான், நான் திருப்பி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுவேன். அவர் வீட்டுக்கு வந்து அழுவார்.

அந்தப் பேர் எங்கள் பூட்டனால் வந்தது என்று அப்பா சொல்லுவார். பூட்டன் என்றால் அப்பாவின் தாத்தா. ராஜாவின் ஆட்சிக் காலம். எங்கள் ஆட்களுக்குப் பட்டாளத்தில் இடம் கிடையாது. பெரிய கோயில் இருக்கிற தெருவில் நடக்கவே விடமாட்டார்கள், பிறகு எங்கே துப்பாக்கியைக் கையில் கொடுப்பது? ஆனால் பட்டாளம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக எங்கள் ஆட்களின் தலை வேண்டும். வழியில் போகிறவனைப் பிடித்து நிறுத்திச் சர்க்கார் சாமானை ஏற்றிவிடுவார்கள். ஊழியம் என்று அதற்குப் பேர். கூலியும் கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

பூட்டன் ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைக்கும் துப்பாக்கிக் கட்டு சுமந்திருக்கிறார். ஓலைப்பாயில் சுற்றிக் கயிறு போட்ட கட்டு. தலைச்சுமையைத் தனி ஆளாக இறக்க முடியாது, கழுத்து போய்விடும். எதிரே ஒருவன் நின்று கை பிடிக்க வேண்டும். கூட வருகிற ஊழியக்காரர்கள் தலையிலும் சுமை. வெறுங்கையோடு நடந்து வருகிற சிப்பாய் பிடிக்கமாட்டான், தொட்டால் தீட்டு. அதனால் அடுத்த சுமைதாங்கிக் கல் வரும்வரை நடக்கவேண்டியதுதான். சிப்பாய்கள் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது பூட்டன் வெயிலில் சுமையோடு நிற்பார். கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பனைநாரும் பழந்துணியும் கலந்து ஒரு சும்மாடு முறுக்கினார். அது நன்றாக இருக்கிறது என்று மற்றவர்களும் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். வீட்டுக்குப் பேர் வந்தது இப்படி.

அப்பா இதைச் சொல்லும்போது குரலில் வெட்கம் இருக்காது. எங்கள் அண்ணனுக்கு மட்டும் காது சிவக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் பையனுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பையன் பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கும் பெண்ணை அவனே பார்த்துக்கொண்டான். பெண் வீட்டார் திருவட்டாறு பக்கம், பழைய தறவாடு, பரம்பரைப் பெரிய வீடு. அவர்கள் குடும்பத்தில் தலைமுறையாக ராஜாவின் பட்டாளத்தில் இருந்தவர்கள். அவர்கள் கோயிலா எங்கள் சர்ச்சா என்ற சண்டைக்கு இடம் வைக்காமல், பதிவுத் திருமணம், பிறகு மண்டபத்தில் விருந்து என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் இருந்த வேலை கார்டு அடிப்பது ஒன்றுதான். பெண்ணின் அப்பா வீட்டுக்கு வந்து வாசகத்தைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அந்த வாரம் அண்ணன் வீட்டு கேட்டில் இருந்த பழைய பலகை காணாமல் போனது. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. பட்டாளத்து வீடு என்று எழுதியிருந்தது. முன்னறைச் சுவரில் மூன்று துப்பாக்கிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறியிருந்தன.

நான் நேராக உள்ளே போனேன்.

"அண்ணே, இது யாருக்க வீடு?"

"நம்ம வீடுதான். நம்ம பூட்டன் பட்டாளத்துல இருந்தவருல்லா. கார்டுலயும் இப்பிடித்தான் வரும்."

"எந்தப் பட்டாளத்துல? சுமட்டுப் பட்டாளத்துலயா?"

"நீ சும்மா கெடட்டி. அந்தத் துப்பாக்கி அவருக்கதுன்னு சொல்லிட்டாப் போச்சு. யாருக்குத் தெரியும்?"

"அது கொச்சியில வாங்கினதுல்லா. குளவிக்குத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தகட்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். பூட்டனின் கழுத்தை வளைத்த இரும்பையே விலை கொடுத்து வாங்கி, அதைச் சுவரில் மாட்டி, அவரை அடித்து வேலை வாங்கினவனின் சட்டையை அவருக்கே மாட்டிவிடுவதா? இதற்கு அந்த மனுஷன் பிறக்காமலே இருந்திருக்கலாம். இதையெல்லாம் நான் சத்தமாகவே சொன்னேன். மைனி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் கடைசியில் தணிந்த குரலில் சொன்னார்:

"அவிய முன்னால என் பிள்ள சும்மாடுன்னு பேரு கேக்காண்டாம். அதுக்குத்தான்."

நான் என் வீட்டுக்குத் திரும்பினேன். ஆனால் மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், அமைதியான ஆள். பெண்ணும் அவள் அம்மாவும் கூட வந்திருந்தார்கள். பையனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மைனி முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் வைத்தார். நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் தோளில் புதுத் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு, வந்தவர் சுவரைப் பார்ப்பதற்காகவே காத்திருந்தார். வந்தவர் பார்த்தார். அண்ணன் குதித்தெழுந்து மேலே இருந்ததை இறக்கி அவர் கையில் கொடுத்தார்.

"இது எங்க பூட்டனுக்க துப்பாக்கியாக்கும்."

அவர் பழக்கப்பட்டவர்போல வாங்கி, கட்டையைத் தடவினார். "கொள்ளாம். எங்க தறவாட்டுலயும் இதுமாதிரி ஒண்ணு கெடக்கு. எந்தப் பட்டாளத்துல இருந்தாவ?"

"ராஜாவுக்க பட்டாளம்தான்."

அவர் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டார். பிறகு சொன்னார். "அப்பம் உங்க ஆளுகள எடுக்க மாட்டாவளே."

இளக்காரமாகச் சொல்லவில்லை. இளக்காரமாகச் சொல்லியிருந்தால் அதைவிட நல்ல இளக்காரம் என்னிடம் கைவசம் இருந்தது. கோடையில் மழை பெய்யாதே என்று சொல்வதுபோல, ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் பையன் செல்போனைப் பார்த்தான், அதில் ஒன்றும் இல்லை.

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வருவாரே, அதே முகம். இத்தனை வருஷமாக அந்த ஆளின் பெருமையில் ஒரு நாள் ஊசி குத்த வேண்டும் என்று காத்திருந்தவள் நான். குத்தியதைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"எடுக்கல" என்றேன். "ஆனா விடவும் இல்ல."

பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். ஊழியம், ஓலைப்பாய்க் கட்டு, ஆரல்வாய்மொழி, வெயில், வெற்றிலை போட்ட சிப்பாய்கள், கை பிடிக்க ஆளில்லாதது, பனைநார், எங்கள் வீட்டுப்பேர். "உங்க அப்பூப்பன் அன்னைக்கு வெறுங்கைய வீசிட்டு நடந்திருப்பாரு. அவருக்க துப்பாக்கி எங்க பூட்டனுக்க தலையில இருந்திருக்கும்."

"எனக்கு இது தெரியாது" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரிய வேண்டிய தேவை இருந்திருக்காது."

கல்யாணம் போயிற்று என்று மைனியின் முகம் சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தொலைபேசி இலாகாவில் எப்போது இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், வாயை எப்போது மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்போது அண்ணன் எழுந்தார். தோளில் கிடந்த தோர்த்தை எடுத்து முறுக்கினார். முறுக்கத் தெரியவில்லை, பிரிந்துகொண்டது. மறுபடி முறுக்கி, நுனியை உள்ளே செருகி, வளையமாக உச்சந்தலையில் வைத்தார். விருந்தாளி மடியில் இருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். சுவரில் இருந்த இரண்டையும் கண்ணால் காட்டி மகனிடம் சொன்னார்:

"ஏலே, எடுத்துத் தலையில வை."

"அப்பா, விடுங்கப்பா."

"வைன்னு சொன்னேன்."

அவன் வைத்தான். மூன்றையும் குறுக்காக வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணன் முன்னறையின் நடுவில் நின்றார். கரை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் போட்ட மனுஷன். குழலிலிருந்து எண்ணெய் கசிந்து நெற்றியில் ஒரு கோடாக இறங்கியது. வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்துச் சிரித்துச் செத்திருப்பேன்.

"இது வெறும் மூணு" என்றார். "அவருக்கு எத்தன வச்சாவளோ."

அவர் அப்படியே நின்றார். முதலில் முழங்கை நடுங்கியது, பிறகு கழுத்து. மகன் எழுந்து பக்கத்தில் போனான். அண்ணன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெண்ணின் அப்பாவை.

"சம்பந்தி, இதத் தனியா இறக்க முடியாது. ஒரு கை பிடிக்கியளா?"

அந்த மனுஷன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து எதிரே நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, அண்ணனின் விரல்களுக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து பைய இறக்கித் தரையில் வைத்தார்கள். அவருடைய வெள்ளைச் சட்டைக் கை முழுக்க எண்ணெய். அதைத் துடைக்காமல் அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"கார்டுல உங்க வீட்டுப்பேரு என்னன்னு போடணும்?" என்று கேட்டார்.

"சும்மாட்டு வீடு" என்றார் அண்ணன்.

தோர்த்து அப்போதும் அவர் தலையில்தான் இருந்தது. அதை எடுக்கச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.